கரடியம்மாவின் குட்டிக்கரணப் பள்ளி

உச்சிமாகாளி என்ற கடுவன் குரங்குக்குக் காட்டில் ஒரே வேலைதான். ஓடைக்கரை மருதமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, கீழே போகிறவர் வருகிறவரைக் கேலி செய்வது. கூட்டத்துக்குத் தலைவன் ஆயிற்றே! பழம் பறித்துத் தர ஆள் இருந்தது. கைகாலுக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை.

கொஞ்ச நாளாக அந்த வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. பேச்சி என்ற கரடி, பெற்ற குட்டிகள் எல்லாம் வளர்ந்து போன பிறகு, குட்டிக்கரணம் பழகத் தொடங்கினாள். உருண்டாள், மூக்கில் அடிபட்டாள், மறுபடி உருண்டாள். ஒருநாள் ஒழுங்காகக் கரணம் போட்டு நின்றும் காட்டினாள். அதோடு விட்டாளா? ஓடை மணலில் சருகைக் குவித்து, பள்ளிக்கூடமே வைத்துவிட்டாள். முயலும் கீரியும் முள்ளெலியும் வந்து சேர்ந்தன.

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா பேச்சி? தாவுறதும் புரளுறதும் எங்க பிறவிச் சொத்து. நீ என்னத்தச் சொல்லிக் கொடுக்கே?"

"முதல்ல விழச் சொல்லிக் கொடுக்கேன் அண்ணாச்சி," என்றாள் பேச்சி.

கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. "விழவா! எங்க சட்டம் தெரியுமா? கொம்பு தவறி விழுந்தவனக் கூட்டத்துல வச்சுக்க மாட்டோம். போன மழைக்குக்கூட ஒருத்தன நானே துரத்திவிட்டேன்," என்றான் உச்சிமாகாளி. அதில் அவனுக்கு அத்தனை பெருமை!

ஆனால் அவன் கூட்டத்துக் குட்டிகளே மணலை எட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கின. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கலே பாக்கிய? தாவுறதுன்னா என்னன்னு இங்க பாருங்க," என்று எதிர்மரத்துக்குப் பாய்ந்தான். அவன் தாவி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உட்கார்ந்து தின்ற தொந்தி வேறு. கை கிளையைத் தொட்டது, ஆனால் தொந்தியின் பாரத்தைப் பிடி தாங்கவில்லை. விழத் தெரியாதவன் எப்படி விழுவான்? கையையும் காலையும் விறைத்துக்கொண்டு, பலாப்பழம்போலத் தொப்பென்று விழுந்தான். கை முறிந்தது.

மேலே அவனுடைய மச்சினன் மெதுவாக நகர்ந்து உச்சிக்கிளையில் உட்கார்ந்தான். "சட்டம் நீங்க போட்டதுதானே அத்தான்," என்றான். அவ்வளவுதான், கூட்டம் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. பழம் பறித்துத் தந்தவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சி வந்து கொடியால் அவன் கையைக் கட்டினாள்.

"சிரிக்க வந்தியா?"

"அதுக்கு எங்க நேரம்? பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

கை கூடியது. ஆனால் கிளையைப் பார்த்தாலே உச்சிமாகாளி விலகி நடந்தான். மரம் ஏறப் பயப்படும் குரங்குக்குக் காட்டில் எங்கே இடம்? கடைசியில் பள்ளிக்கு வந்து, தொண்டையைச் செருமினான். வந்த இடத்திலும் வீறாப்பு குறையவில்லை. "நான் குரங்கு, பேச்சி. எனக்கு நடுவுலயிருந்து ஆரம்பிச்சாப் போதும்."

பேச்சி முள்ளெலியைக் காட்டினாள். "அவன் நேத்துத்தான் சேர்ந்தான். அவனுக்குப் பின்னால நில்லுங்க. முதல்பாடம் விழுறது."

உச்சிமாகாளி போய் நின்றான். யாரும் சிரிக்கவில்லை. முறிந்த கையைவிட அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

காலம் கடந்து கற்பவரைப் பார்த்துச் சிரிப்பவனுக்கு, காலம் கடந்த பின் அவரிடமே கற்க நேரும்.