சம்பந்திக்கு வந்த மோர்

சுல்தான் கையால் டத்தோ பட்டம் வாங்கிய நாளிலிருந்து சிங்காரவேலுவுக்கு முன்னால் கடலும் கைகட்டி நிற்க வேண்டும். மலேசியாவின் கிள்ளானில் அவருடைய ஓட்டல் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி; உள்ளே உயிருள்ள பவளங்கள். காலையில் கால்சியம், மாலையில் தண்ணீரின் காரத்தன்மைக்கு இன்னொரு மருந்து என்று சொட்டுச் சொட்டாக விட்டு அவற்றை வளர்த்தவள் அஞ்சலை.

அன்று டத்தோவின் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"சம்பந்தி பாக்குறதுக்குள்ள பவளம் ஒரு விரக்கடையாவது வளரணும். ரெண்டு மருந்தையும் ஒண்ணாக் கலந்து மொத்தமா ஊத்து. முடியாதுன்னா வேலையை விட்டுப் போ!" என்றார் டத்தோ.

அஞ்சலை இரண்டு மருந்துப் புட்டிகளையும் பார்த்தாள். ஊற்றினால் பவளம் சாகும். ஊற்றாவிட்டால் அவள் வீட்டில் உலை ஏறாது.

"உங்க ராசியான கையாலயே கலந்து குடுங்க டத்தோ" என்று கண்ணாடிக் கூஜாவை நீட்டினாள்.

டத்தோ இரண்டு புட்டிகளையும் கவிழ்த்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருந்த இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் வெள்ளைவெளேரென்று திரண்டுவிட்டன.

"பாத்தியா, சத்து!" என்று மீசையை நீவினார்.

வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தி வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அஞ்சலை கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். ஆனால் டம்ளரைப் பிடித்த பிடியை விடவில்லை.

"டத்தோவே கலக்கினதுங்க."

"அடடே, மோரா! இந்த வெயிலுக்கு..."

"ஐயோ, குடிக்காதீங்க! குடல் வெந்துடும்!" டத்தோ வேட்டி தடுக்கப் பாய்ந்து வந்தார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அஞ்சலை மிகப் பணிவாகக் கேட்டாள்:

"அப்ப, இதைப் பவளத்துக்கே ஊத்திடட்டுமா டத்தோ?"