தூங்காத கொலு

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பூரணி அம்மா தன் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிங். பிறகு அமைதி. மறுபடியும் டிங்.

பூஜை மணி இல்லை. பால்காரர் மணியும் இல்லை. யாரோ எதையோ தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

அடுத்த வீடு மேகலாவுடையது. பூரணி அம்மாவிடம் தியானம் கற்க வரும் சீடர்களில் அவளும் ஒருத்தி. குருவுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் எல்லோரையும்போல அவளும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். குழந்தை பிறந்த பிறகு அவள் இந்த மாடிப்படி ஏறவில்லை. கணவன் சேதுவுக்குக் கப்பலில் வேலை. அவன் திரும்பி வர மாதக்கணக்காகும்.

குரு இறங்கி அடுத்த வீட்டுக்குள் போனார்.

கூடத்தில் தொட்டில். அதன் பக்கத்தில் மேகலா. ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், மறு கையில் கரண்டி.

"என்ன செய்யற?"

"அசையறானான்னு பார்க்கறேன் அம்மா."

"தூங்கறவனை எழுப்பியா?"

"எழுப்பல. லேசாத்தான் தட்டுவேன். புருவத்தைச் சுளிப்பான். அது போதும் எனக்கு."

"எவ்வளவு நேரத்துக்குப் போதும்?"

மேகலா தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே மை ஈஷினாற்போல் இருந்தது.

குரு சுவர்ப் பக்கம் திரும்பினார். கொலு அப்படியே நின்றது. விஜயதசமி போய், பௌர்ணமியும் போய்விட்டது. செட்டியார் பொம்மையின் தொந்தியில் தூசி. அவர் கடையில் குவித்திருந்த பருப்பில் எறும்பு.

"செட்டியார் கடையை எறும்பு வாங்கிடுச்சு போல."

"எடுத்து வைக்கணும் அம்மா. முதல்ல படுக்க வைக்கணுமே. அதான் முடியல."

விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைத்து, தாலாட்டுப் பாடி, மறுநாள்தான் கொலுவைக் கலைப்பார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகே பொம்மைகள் பெட்டிக்குள் போகும்.

"ஏன் முடியல?"

"படுக்க வச்சுப் பார்த்தேன். கண்ணைத் திறந்துக்கிட்டு, அசையாம, மேலயே பார்த்துக்கிட்டு கிடக்குது. பயமா இருந்தது. நிமிர்த்தி வச்சுட்டேன்."

குரு சிரிக்கவில்லை. மேல்படியிலிருந்து மரப்பாச்சி ராணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப நான் இருக்கேன். படுக்க வை."

மேகலா ஒரு துண்டை நாலாக மடித்து விரித்தாள். ராணியின் தலைக்குக் கையைக் கொடுத்து மெல்லக் கிடத்தினாள். தாலாட்டைப் பாடினாள்.

பாடி முடித்தும் அவள் பொம்மையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குரு டம்ளரைக் காட்டினார். "தட்டிப் பாரேன்."

"பொம்மைக்கா?"

"அவளும் உன் வீட்டுலதானே தூங்கறா. ஏன் ஓரவஞ்சனை?"

மேகலா சிரித்தாள். சிரிப்பு முடியும்முன்பே அழுதாள். குரு அவள் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று இரவும் அந்தச் சத்தம் கேட்டது. முன்பைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு.

மறுநாள் மாலை குரு வந்தபோது தகரப்பெட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது. கிழித்த பழைய வேட்டித் துண்டுகள், செய்தித்தாள், நிழலில் காயவைத்த வேப்பிலை எல்லாம் தயாராக இருந்தன.

"ராணி தூங்கினாளா?"

"தூங்கினா."

"நீ?"

மேகலா காம்பிலிருந்து வேப்பிலையை உருவத் தொடங்கினாள்.

கனமான பொம்மைகள் பெட்டியின் அடிக்குப் போயின. அதன்மேல் வேப்பிலை, அதன்மேல் கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை ஒரு துணியில், பெண் ஒரு துணியில். நாதஸ்வரக்காரர் கையை மட்டும் தனியாகப் பஞ்சு வைத்துச் சுற்ற வேண்டியிருந்தது. குரு தசாவதாரம் முழுவதையும் கட்டி முடித்துவிட்டார். மேகலாவின் மடியில் இன்னும் தவழும் கண்ணன்தான் இருந்தான்.

அவனைச் சுற்றினாள். பெட்டியில் வைத்தாள். எடுத்தாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"என்ன பார்க்கற?"

"விரல் நல்லா இருக்கான்னு."

"இருந்ததா?"

"இருந்தது."

பெட்டியில் வைத்தாள். குரு ஒரு மயிலைச் சுற்றுவதற்குள் மறுபடி எடுத்துப் பிரித்துவிட்டாள்.

குரு கையை நீட்டி அந்தத் துணியை மட்டும் வாங்கினார். விளக்குக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

வெள்ளைத் துணியெங்கும் பொடிப்பொடியாக நீலம்.

மேகலா கண்ணனைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கிலும் ஒரு கன்னத்திலும் பூச்சு போய் மண் தெரிந்தது. அவள் கட்டைவிரல் அந்த இடத்தின்மேல் அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்துத் தொட்டிலைப் பார்த்தாள்.

"பார்க்காம எப்படி அம்மா இருக்கறது? நான் கண்ணை மூடற நேரத்துல அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

குரு துணியை மடித்தார்.

"போன வருஷம் எடுத்து வச்சதுல எது உடைஞ்சது?"

"யானை ஒண்ணுதான். பரண்ல ஏத்தும்போது அவர் கை நழுவிடுச்சு."

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான் நின்னேன்." மேகலா நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

குரு மடித்த துணியை அவளிடம் நீட்டினார்.

"யானை போனா வேற வாங்கிக்கலாம் அம்மா. இவன் அப்படியா?"

"இல்ல," என்றார் குரு. "இவன் அப்படி இல்ல."

அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டது மேகலாவுக்கு எப்படியோ இருந்தது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் மறுக்கத்தான் செய்தார்கள். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்பார்கள். சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள்.

அவள் கண்ணனைக் கடைசியாக ஒருமுறை சுற்றினாள். இந்தத் தடவை நூல் கட்டவில்லை. துணியைத் தளர்வாக மடித்து, மயிலுக்கும் ராணிக்கும் நடுவில் வைத்தாள். கை பெட்டியின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்தது.

இருவருமாகப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். படிகளாக இருந்த பலகைகளைச் சுவரில் சாய்த்தார்கள். கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டது.

குரு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

"தாழ் போட்டுக்கோ. நான் வரேன்."

"தாழ் போடறதில்ல அம்மா."

"ராத்திரியிலயுமா?"

"அவர் கப்பலுக்குப் போனதுலேர்ந்தே போடறதில்ல. சும்மா சாத்தி வைப்பேன்."

"திருடன் வந்தா?"

"வந்தா வரட்டும்." மேகலா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது. "ராத்திரி எனக்கே ஏதாவது ஆயிட்டா, இவன் தனியா அழுதுக்கிட்டுக் கிடப்பான். உள்ள தாழ் போட்டிருந்தா யாரும் வர முடியாது. யாராவது உள்ள வரணுமே அம்மா."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. குரு அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு செருப்பைக் கழற்றினார். நிலைப்படி தாண்டி உள்ளே வந்தார்.

"வந்தாச்சு. நீ போய்ப் படு," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டார்.