சறுக்குப் படகின் ஆயில்

"எது நல்ல ஆயில்? அதை மட்டும் சொல்லிருங்க, மேஸ்திரியம்மா."

நயினார் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தார். ஒன்று லாரிக்கு ஊற்றுவது. ஒன்று விலை உயர்ந்த கார் ஆயில். மூன்றாவது படகுக்கென்றே விற்பது.

ஜெனோவா எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தாள். நிமிரவில்லை.

உப்பங்கழிக் கரையிலிருந்த படகுக் கொட்டகையில் அவள்தான் மேஸ்திரி. வயது முப்பத்திரண்டு. நயினாருக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் லாரிக்கு வைத்தியம் பார்த்தவர். இப்போது மூன்று வருஷமாக ஒரு கிளப்பின் சறுக்குப் படகை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் அவர்தான். விடுமுறைக்கு வருகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குவார்கள். படகு அவர்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

வயதில் சின்னவளிடம் போய்க் கேட்பதா என்று மூன்று வருஷத்தை மீசையை முறுக்கியே கழித்துவிட்டார் மனுஷன். இப்போது முறுக்க மனசில்லை.

பதினைந்து நாளைக்கு முன் நடு ஓட்டத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கயிற்றின் மறுமுனையில் இருந்தது அவருடைய ஒரே மகள் இசக்கி. வருகிறவர்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

தண்ணீர் வற்றும் நேரம். கழி மொத்தமும் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் அவள் மூழ்கவில்லை. ஆனால் நீரோட்டம் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. முகத்துவாரத்து அலைக்குள் போவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வள்ளத்துக்காரர் எட்டிப் பிடித்துத் தூக்கினார்.

நின்றுபோன படகிலிருந்து நயினார் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

எஞ்சினை ஜெனோவா பிரித்துக் கோத்துவிட்டாள். ஆயில் ஊற்றுவதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை படகு இறங்க வேண்டும். கயிற்றைப் பிடிக்கப்போவதும் இசக்கியேதான்.

"போன வருஷம் இந்தப் படகு எத்தனை நாள் ஓடிச்சு, அண்ணாச்சி?"

"சனி, ஞாயிறு ஓடும். மழைக்காலத்துல கிடையாது. ஒரு எழுபது நாள் வரும்."

"மிச்ச நாளு?"

"சும்மா கெடந்துச்சு."

"உங்க லாரி சும்மா கெடக்குமா?"

"கெடந்தா மொதலாளி சோறு போடுவானா?"

அவள் எஞ்சினிலிருந்து கழற்றிப்போட்டிருந்த பழைய தண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது ஓடித் தேஞ்சதா?"

நயினார் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் செம்மண் நிறமானது.

"தேய்மானம் இல்ல. துரு. உப்புக்காத்துல நின்னு நின்னு பிடிச்சது."

சொன்னவர், லாரி ஆயில் டப்பாவைத் தாமே எடுத்துக் கீழே வைத்தார். மூன்று வருஷமும் அவர் ஊற்றியது அதைத்தான்.

"கார் ஆயிலு?"

"காரு தெனம் ஓடும். ஓடுற சூட்டுல ஈரம் ஆவியாப் போயிரும்."

அதையும் கீழே வைத்தார். ஒரு டப்பாதான் மிச்சம்.

"அப்போ துருப் பிடிக்காம இருக்க மருந்து கலந்த இதுதான். இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

"நான் சொல்லவே வேண்டாம். எஞ்சின் செஞ்சவன் குடுத்த புத்தகத்துல எல்லாம் இருக்கு. எவ்வளவு கெட்டியா இருக்கணும்னும் போட்டிருக்கான். உங்க சீட்டுக்கு அடியில மூணு வருஷமா உறை பிரிக்காம கெடந்துச்சு."

நயினாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு கொஞ்சம் லேசானது.

"ஆக, எல்லாத்துக்கும் காரணம் இந்தப் பாழாப்போன ஆயிலுதான்."

ஜெனோவா துணியில் கையைத் துடைத்தாள்.

"அன்னைக்குக் காலைல கேஜ் கம்பிய இழுத்து ஆயில் அளவு பாத்தீங்களா?"

"பாக்காம எறக்குவேனா?"

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு சொட்டு குறையல. முந்தின வாரத்தவிட ஒரு விரக்கடை ஏறித்தான் இருந்துச்சு. பரவாயில்லையே, ஆயில் குடிக்காத எஞ்சினுன்னு சந்தோஷமா எறக்குனேன்."



ஜெனோவா டீ போடும் அடுப்பைப் பற்றவைத்தாள். எஞ்சினைப் பிரித்தபோது வடித்த பழைய ஆயிலில் ஒரு கரண்டி எடுத்து, தகர மூடியில் ஊற்றி, சூட்டில் காட்டினாள்.

படபடவென்று பொரிந்தது. காய்ந்த வடைச் சட்டியில் ஈரக்கையை உதறின மாதிரி.

நயினார் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி," என்றார்.

"உள்ள மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அது வழியா தண்ணி எறங்கி ஆயில்ல கலந்திருக்கு, வழுக்கல் போயி எஞ்சின் இறுகிருச்சு. அந்தப் பாகத்த மாத்திட்டேன்."

"லாரில ஆயில் குறைஞ்சாத்தான் பயப்படுவோம். ஏறுனா..." கம்பியை இழுத்த கையை விரித்துப் பார்த்தார். "ஏறினத நான் பாத்தேனே! என் ரெண்டு கண்ணால பாத்தேனே! பாத்துட்டுத்தானே புள்ளைய எறக்கிவிட்டேன்!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஜெனோவா தடுக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"இசக்கிக்குத் தெரியுமா?"

"எனக்கே இப்பதான தெரியுது."

 

அன்று சாப்பிடும்போது நயினார் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அளவு ஏறியிருந்ததை, தான் சந்தோஷப்பட்டதை, ஒன்றுவிடாமல். இசக்கி கேட்டாள். பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை படகு ஆயில் டப்பாவை ஜெனோவாவின் முன்னால் வைத்தார்.

"நீங்களே ஊத்துங்க தாயி. இனி இந்தக் கை அந்த எஞ்சினத் தொட வேண்டாம். புள்ள உசுரு."

"நானும் அதத்தான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உங்க மக எனக்கு முன்னாடியே வந்து கொட்டகை வாசல்ல நின்னா. நான் ஊத்துறேன், ஞாயித்துக்கிழமை தைரியமா எறங்குன்னேன். வேண்டாம்னுட்டா."



"அப்போ எறங்கமாட்டாளா?"

"எங்கப்பா ஊத்துனாத்தான் எறங்குவேங்கா."

"என் கையாலயா? ஏனாம்?"

ஜெனோவா புனலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"'நீங்க ஒரு தடவதான் பாப்பீங்க. அவரு இனிமே ரெண்டு தடவ பாப்பாரு'ன்னா."