கிளை இல்லாத பொந்து

மலைக்காட்டுல செம்பின்னு ஒரு மலை அணில் இருந்தா. அவளுக்குப் பல்லு மழுங்கிக்கிட்டே வந்துச்சு. "ஒரு பொந்த வாங்கி வாடகைக்கு விட்டா, வாரவங்க பழம் குடுப்பாங்க. உக்காந்து திங்கலாம்!"னு நெனச்சா.

பொந்து விக்கிறவன் மரங்கொத்தி. கொத்திக் கொத்தி அவனுக்குத் தலை வலிக்காதான்னு கேப்பீங்க. அவங்கப்பன் ஒரு தடவ மரம்னு நெனச்சுப் பாறையக் கொத்தி... சரி, அது பெரிய கதை, விடுங்க.

மரங்கொத்தி ரெண்டு பொந்து காட்டுனான். ஒண்ணு நாவமரத்துல. வாசலுக்கு நேரா, கை நீட்டுன மாதிரி ஒரு கிளை. இன்னொண்ணு மருதமரத்துல. உள்ள நல்ல விசாலம். ஆனா மரம் வாழத்தண்டு மாதிரி வழுவழுன்னு இருக்கும். கிளையே கெடையாது.

"நாவமரத்துக்கு நீ சேத்து வச்ச கொட்டை அம்புட்டும் வேணும். மருதுக்குப் பாதி போதும்."

"அதென்ன அப்படி?"

"அதுல நிக்கிறதுக்குக் கிளை இருக்குல்ல!"

செம்பி சிரிச்சா. "நிக்கிறதுக்கா கொட்டையக் குடுப்பாங்க? குடியிருக்கிறது உள்ளதான! நான் எந்த மரத்துலயும் விறுவிறுன்னு ஏறலையா?"

"உனக்கு நகம் இருக்கு தாயி. வாரவங்களுக்கு?"

"வாரவங்க பாத்துக்கிடுவாங்க!"

மருதப் பொந்த வாங்கிட்டா.

ஆந்தை வந்து பாத்தான். வாசல்ல கால் வைக்க எடமில்லன்னு போயிட்டான். அவன் பொஞ்சாதி பொறந்த வீட்டுக்குப் போனவ திரும்பலைங்கிறது வேற கதை. கிளி வந்துச்சு, அதுவும் போயிருச்சு. பொந்து காலியாவே கெடந்துச்சு.

கடைசியா ஒரு இருவாச்சிப் பறவை பொஞ்சாதியோட வந்தான். காட்டுல வேற பொந்து எதுவும் காலியா இல்ல. அவளுக்கு முட்டை போடுற நேரம்.

"இங்க நான் எங்க நிப்பேன், செம்பியக்கா?"

"பழகுனா சரியாயிரும் தம்பி!"

இருவாச்சி வழக்கம் தெரியுமில்ல? பொஞ்சாதி உள்ள போயி வாசல மண்ணு வச்சு அடைச்சுக்கிடும். ஒரு கீறல் மட்டும் விடும். உள்ள அதுக்கு எறகெல்லாம் உதிந்துரும், பறக்க முடியாது. புருசன்தான் வெளிய நின்னு கீறல் வழியா ஊட்டணும்.

குஞ்சு ரெண்டு பொரிச்சுச்சு. இவன் அத்திப்பழத்தோட வருவான். பட்டையில கால் வைப்பான், வழுக்கும். எறகடிச்சுக்கிட்டே ஒரு பழத்த நீட்டுவான், கீழ விழும். மூச்சு வாங்கிக்கிட்டு பக்கத்து மரத்துக் கிளையில போயி உக்காருவான்.

"ஏய்! இது எங்க கிளை!" அங்க இருந்த கருமந்திக் குரங்கு கத்துவான்.

"ஒரு நிமிசம் அண்ணே..."

"எல்லாரும் ஒரு நிமிசம்னுதான் சொல்றாங்க! எங்க விருந்தாளி வந்தா எங்க உக்காருவான், உன் தலையிலயா? எந்திரி!"

உள்ள இருந்து குரல் வரும். "என்னங்க, இன்னைக்கும் பழம் இல்லையா?" நாளாக நாளாக அந்தக் குரலும் மெலிஞ்சு போச்சு.

ஒரு நா செம்பி வந்தா. "வாடகைப் பழம் எங்க தம்பி?"

அவன் அலகால மேல இருந்த கீறலக் காட்டுனான். எறக தொங்கப் போட்டுக்கிட்டு வேர்மேல உக்காந்திருந்தான். செம்பி மரத்துல ஏறி கீறல்கிட்ட காது வச்சா.

"சின்னக் குஞ்சு வாயத் தொறக்கல அக்கா," உள்ள இருந்து தாயி சொன்னா. "நேத்துல இருந்தே தொறக்கல."

செம்பி அப்படியே நகத்தப் பதிச்சுக்கிட்டு நின்னா. அவ நகத்துக்கு அந்த மரம் வழுக்கவே இல்ல. அத நெனச்சுத்தான் அவளுக்கு நெஞ்சு வலிச்சுச்சு.

"தம்பி, பழத்தக் கொண்டா!" அப்படின்னா.

அன்னைக்குல இருந்து அவன் பழத்த அடியில போடுவான். இவ வாயில கவ்விக்கிட்டு ஏறி ஊட்டுவா. வெயில், மழை பாக்கல. உக்காந்து திங்கணும்னு பொந்து வாங்குனவ, அந்தப் பொந்துக்கே கிளையா நின்னா.

எறகு மொளச்சு, மண்ண ஒடச்சுக்கிட்டு தாயி வெளிய வந்தா. பின்னால ஒரே ஒரு குஞ்சு.

"நீ ஊட்டுனத மறக்க மாட்டோம் அக்கா," தாயி சொன்னா. "ஆனா இந்த மரத்துக்கு இனி வர மாட்டோம்."

"வராதீங்க தாயி," செம்பி சொன்னா. "வேற யாரையும் இனி நான் இதுல குடி வைக்க மாட்டேன்."

வாடகைக்கு விட வீடு வாங்குறவங்க, தன் காலுக்கு எது போதும்னு பாக்கக் கூடாது. வந்து இருக்கப் போறவங்களுக்கு நிக்க எடம் இருக்கான்னு பாக்கணும்.