உபதேசியார் சும்மா இருந்த ஞாயிறு

"ஜெபம் வரமாட்டேங்குதும்மா," என்றார் உபதேசியார் வேதமுத்து, கதவைத் திறந்துவிட்ட பெண்ணிடம்.

முப்பத்திரண்டு வருஷம், மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பிரசங்கம் செய்த மனுஷன். மனைவி பிளாரன்ஸ் போனதிலிருந்து வாய் மட்டும்தான் ஓடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இன்னும் பத்து நாள்ல, புதன்கிழமை, அவளுக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். சொந்தபந்தமெல்லாம் வரும். நான்தான் ஜெபிக்கணும். அன்னிக்கும் பொய்யா ஜெபிச்சுருவேனோன்னு பயமா இருக்கு."

யாரோ சொல்லித்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் குவேக்கர் என்கிற கிறிஸ்தவ சபையாரின் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. வட்டமாக எட்டு நாற்காலி. சிலுவை இல்லை, பீடம் இல்லை, ஓர் ஆர்மோனியம்கூட இல்லை.

"பாஸ்டர் எப்ப வருவார்?"

"அப்படி யாரும் இல்லீங்கய்யா," என்றாள் மெர்லின். கீழே இருந்த தையல் கடை அவளுடையது. கூட்டத்துக்குக் கதவு திறப்பதும் நாற்காலி போடுவதும் இந்த வருஷம் அவள் பொறுப்பு.

"அப்ப யாரு பேசுவா?"

"யாருக்குள்ள வார்த்தை வருதோ அவங்க. வரலேன்னா யாரும் பேசமாட்டோம்."

"ஒரு மணி நேரமுமா?"

"ஒரு மணி நேரமும். கடவுளோட வெளிச்சம் எல்லாருக்குள்ளயும் இருக்குன்னு நம்புறோம். அதுக்காகக் காத்திருப்போம்."

"எனக்கு ஜெபிக்கச் சொல்லிக்குடும்மா."

மெர்லின் எட்டாவது நாற்காலியைக் காட்டினாள்.

உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தாங்கினார். ஏழு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கிற வழியாக இல்லை. ஆராதனை இப்படி வீணாகப் போகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். பைபிளின் யோபுவில் தொடங்கி இருபத்தைந்து நிமிஷம் வெளுத்து வாங்கிவிட்டார்.

யாரும் தடுக்கவில்லை. ஆமென் சொல்லவும் இல்லை.

நேரமானதும் மெர்லின் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எல்லோரும் அவரவர் பக்கத்தில் இருந்தவர்களோடு கைகுலுக்கினார்கள். கூட்டம் முடிந்தது என்று அதற்கு அர்த்தமாம்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பழகிய வாய், கேட்காமல் இருக்குமா?

"நல்லா இருந்துச்சுங்கய்யா. அதுல உங்களுது எது?"

உபதேசியாருக்குச் சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று பஸ்ஸில் முடிவு கட்டினார். ஆனால் அந்தக் கேள்வியும் கூடவே பஸ் ஏறிவிட்டது. வாரம் முழுக்க இறங்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நின்றார். புதன்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். தெருவில் காய்கறி வண்டி போனது. யாரோ இருமினார்கள். வசனங்கள் ஒவ்வொன்றாக அவர் நாக்கு நுனிக்கு வந்தன. இது என்னுடையதில்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் விடுவதற்கும் ஒன்றும் இல்லை.

மெல்ல எழுந்தார்.

"அவ போறப்ப நான் வேற ஊர்ல பிரசங்கம் பண்ணிட்டு நின்னேன். என்னைத் தேடியிருக்கா. ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக்கூடாதா? எனக்குக் கோபமா இருக்கு."

உட்கார்ந்துவிட்டார்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஏழு பேரும் அவரோடு அப்படியே இருந்தார்கள். ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சும்மா இருந்தார்.

மெர்லின் கை நீட்டினாள். பிடித்துக்கொண்டார், விட மனசு வரவில்லை.

"இன்னிக்கும் ஜெபம் வரலியேம்மா."

"வந்துச்சுங்கய்யா. நாங்க ஏழு பேரும் கேட்டோம்," என்றாள் மெர்லின். "புதன்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"