முழங்கைக்குக் கீழே ஒரு பெயர்

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் இருளப்பனுக்கு அறுபத்தொன்று. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சீடரின் காலில் விழுந்துவிட்டு, குருவிடம் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு பேருமே அதைத் திருத்தியதில்லை.

பதின்மூன்று வருடம் காத்திருந்த பிறகு இருளப்பனுக்குக் காவி தருவதென்று முடிவாயிற்று. அந்த மடத்தில் காவி வாங்குகிறவர் பழைய பெயரை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு குரு வைக்கிற பெயரில்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

காவி தருவதற்கு முந்தைய நாள் மதியம் குரு கிணற்றடிக்குப் போனார். இருளப்பன் இடது கையில் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துப் பூசி, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. பார்க்கவே பொறுக்கவில்லை.

"என்ன இது?"

"பச்சை குத்துனது சாமி. அழிச்சிடலாம்னு."

குரு தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தார். வயதானால் பச்சை அப்படித்தான் ஆகிவிடுகிறது. கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று கலந்து, சுருங்கிய தோலோடு மடிந்து, கன்றிப்போன பழைய அடி மாதிரி கிடந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"சங்கையா."

"இதை யாராலயும் படிக்க முடியாது. அப்புறம் எதுக்குத் தேய்க்கிறீங்க?"

"என்னால முடியுதே, சாமி."

இருளப்பன் கொலை செய்து ஜெயிலுக்குப் போய்வந்தவர் என்பது குருவுக்குத் தெரியும். யாரைக் கொன்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று அவராகவே சொன்னார். சங்கையாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருடம், வாய்க்கால் தண்ணீரை யார் வயலுக்குத் திருப்புவது என்று தகராறு வந்தது. இருளப்பன் கையில் மண்வெட்டி இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் முறைகூட அவருடையது இல்லை.

"பேரைக் குத்திக்கிட்டதுக்கு வருத்தப்படுறீங்களா?"

"இல்ல சாமி. திருவிழாவுல குத்துனது. வலி தாங்காம அவன் துள்ளுனான். அதைப் பாத்து நான் சிரிச்சேன், என்னைப் பாத்து அவன் சிரிச்சான். அந்த ஒருநாளைப் பத்தி எனக்கு வருத்தம் கிடையாது."

"அவர் என்ன குத்திக்கிட்டாரு?"

இருளப்பன் நாரைக் கீழே போட்டார்.

"எம் பேருதான். நான் ஓங்குனப்போ அந்தக் கையைத்தான் குறுக்கே நீட்டுனான். பத்து வருசத்துப் பச்சை. எழுத்து எழுத்தாத் தெரிஞ்சுது."

"அந்தக் கை?"

"அவனோட சேத்து எரிச்சிட்டாங்க."

பிறகு அவர் குருவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடமும் இதற்காகத்தான் காத்திருந்தாராம். "நாளைக்குச் சுத்தமான கையோட காவி வாங்கணும், சாமி. நல்ல பேரா ஒண்ணு வைங்க. அந்தப் பேரோட செத்துப்போறேன்."

குரு கீழே கிடந்த நாரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வேணும்னா தேய்ச்சுக்குங்க. உங்க பேரு அவரோட எரிஞ்சுபோச்சு. நாளையிலேருந்து எல்லாரும் உங்களைச் சங்கையான்னுதான் கூப்பிடுவோம்."