பிந்திப் போன தண்ணீர்

வந்தவர்கள் எல்லோரும் உட்காருங்கள். பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இது நம் பக்கத்துக் கதை இல்லை. கடல் தாண்டி, மணல் தாண்டிப் போக வேண்டிய கதை.

மதுரையில் பாண்டியர்கள் ஆண்ட காலத்தில், ஆப்பிரிக்காவின் மேற்கே மாலி என்றொரு பேரரசு இருந்தது. அதன் தெற்கே பொன் கிடைக்கும் காடுகள். வடக்கே உப்பு கிடைக்கும் பாலைவனம். பொன் இருந்த இடத்தில் உப்பு இல்லை. உப்பு இருந்த இடத்தில் ஒரு புல்கூட இல்லை. அதனால் ஒட்டகங்கள் உப்புப் பாளங்களைச் சுமந்துகொண்டு தெற்கே வந்தன. பொன்னைச் சுமந்துகொண்டு வடக்கே போயின. இரண்டுக்கும் நடுவே, பாலை முடிகிற இடத்தில், வலாத்தா என்ற ஊர் இருந்தது.

வலாத்தாவுக்கு வரும் வழியில் கடைசிக் கிணற்றைத் தாண்டிவிட்டால் பிறகு தண்ணீர் கிடையாது. அதனால் வணிகக் கூட்டம் அங்கிருந்தே ஒரு தூதனை முன்னால் அனுப்பிவிட்டு, அவன் பின்னே மெதுவாக வரும். அவன் தன்னந்தனியாக மணலைக் கடந்து ஊருக்கு வந்து சேதி சொல்வான். ஊரார் தோல்பைகளில் தண்ணீர் நிரப்பி, ஒட்டகங்களில் ஏற்றி, கூட்டத்தை எதிர்கொண்டு போவார்கள். தூதன் வழி தவறினால் அத்தனை பேரும் மணலோடு மணலாகிவிடுவார்கள்.

அந்த ஊரின் வடக்கு எல்லையில் தெம்பா என்ற உப்பு வணிகன் இருந்தான். கெட்டவன் இல்லை. பிச்சை கேட்டவரைத் துரத்தியதில்லை, எடையில் ஏமாற்றியதில்லை. அவனுடைய கிடங்கில் மட்டும் நீண்ட நாளாய் விற்காத உப்பு நிறையக் கிடந்தது.

ஒரு காலை, அவன் வாசலில் ஒருவன் வந்து விழுந்தான். உதடு வெடித்து, கண் வீங்கி, பேச நா எழாமல் கிடந்தான். அமஸ்தன் என்ற தூதன் அவன். அந்தப் பாலையில் அவனைப் போல வழி அறிந்தவர் யாரும் இல்லை.

தெம்பா அவன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். பாலைக் காய்ச்சிக் கொடுத்தான்.

"கூட்டம் வருகிறது, ஐயா. காற்று எங்கள் தண்ணீர்ப் பைகளைக் காயவைத்துவிட்டது. என் தம்பி இதீரும் அதில் இருக்கிறான். ஊருக்குச் சொல்லுங்கள், ஐயா."

"நீ படு. ஊர்த் தலைவரிடம் நானே போய்ச் சொல்கிறேன்" என்றான் தெம்பா.

அமஸ்தன் நம்பிப் படுத்தான். காய்ச்சல் அவனை அமுக்கிக்கொண்டது; பகல் எது, இரவு எது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி மக்கள் அறுவடைக்காக ஆற்றங்கரை ஊருக்குப் போயிருந்தார்கள்.

தெம்பா சொல்லத்தான் புறப்பட்டான். ஆனால் வழியில் சந்தை இருந்தது. சந்தையில் தெற்கிலிருந்து வந்த பொன் வணிகர்கள் இருந்தார்கள். மறுநாள் அவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். புதிய உப்பு வருகிறது என்று தெரிந்தால் காத்திருந்து அதை வாங்குவார்கள். தெரியாவிட்டால் தெம்பாவின் பழைய உப்பை வாங்கிக்கொண்டு போவார்கள்.

தெம்பா நின்றான். 'ஒரு பகல்தானே! ஒரு பகலில் என்ன ஆகிவிடும்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு தலைவர் வீட்டுக்குப் போகாமல் தன் கிடங்குக்குப் போனான்.

மறுநாள் உப்பு விற்றுத் தீர்ந்தது. பொன் வணிகர்கள் தெற்கே கிளம்பினார்கள். அவர்கள் கிளப்பிய புழுதி அடங்கிய பிறகுதான் அவன் தலைவரின் வாசலுக்கு ஓடினான். "தூதன் வந்துவிட்டான்! இப்போதுதான் வந்து விழுந்தான்! தண்ணீர், தண்ணீர்!" என்று கத்தினான். எல்லோருக்கும் முன்னதாகத் தன் ஒட்டகங்களை அவிழ்த்தான். தானே முன்னால் போனான்.

கூட்டம் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவன் தண்ணீர்ப் பையோடு ஓடினான். ஒட்டகங்களின் நிழலில் மனிதர்கள் சுருண்டு கிடந்தார்கள். தண்ணீரைக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொருவராய் எழுந்தார்கள். ஒருவன் மட்டும் எழவில்லை. இளைஞன். அன்று காலையில்தான் உயிர் போயிருந்தது.

"யார் இது?" என்றான் தெம்பா.

"தூதனின் தம்பி, இதீர்" என்றார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வணிகக் கூட்டத்தின் தலைவர் ஹம்மாத், தெம்பாவைக் கட்டித் தழுவி, "நீங்கள்தான் எங்களுக்கு உயிர் தந்தீர்கள்" என்றார். தெம்பா தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஊர்ச் சபையில் அவனுக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள். தெம்பா தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

பரம்பரைப் பாடகர் கோரா என்ற யாழை மீட்டி அவன் பெயரைப் பாடினார். தெம்பா தலையைக் குனிந்துகொண்டான். அதையும் அடக்கம் என்றே நினைத்தார்கள். ஆனால் அவனுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. யாராவது வணங்கினால் அதைவிட மோசமாக இருந்தது.

மாதங்கள் போயின. ஹம்மாத் வடக்கே திரும்பும் காலம் வந்தது. சந்தைத் திடலில் ஊரே கூடியிருக்க, அவர் அமஸ்தனை அழைத்தார்.

"அடுத்த கூட்டத்துக்கும் நீதான் தூதன். வருகிறாயா?"

"வேண்டாம், தலைவரே. வேறு ஆளைப் பாருங்கள்."

"ஏன்?"

"நான் ஒரு நாள் பிந்தி வந்தேன் என்று ஊரார் கணக்குச் சொல்கிறார்கள். எங்கே வழி தவறினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. என் கால் பிந்தியதால் என் தம்பி செத்தான். எங்கள் அம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை." அவன் குரல் உடைந்தது. பிறகு தெம்பாவைப் பார்த்தான். "இவர் இல்லாவிட்டால் எல்லோருமே போயிருப்பீர்கள்" என்று சொல்லி, தெம்பாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

தெம்பா நெருப்பைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"நீ வழி தவறவில்லை, அமஸ்தன். நீ நேரத்துக்கு வந்தாய். முதல் நாள் காலையிலேயே வந்தாய். நான்தான் சொல்லவில்லை. என் உப்பு விற்க வேண்டும் என்று ஒரு பகலும் ஓர் இரவும் உன்னை என் வீட்டில் கிடத்தி வைத்தேன்."

பாடகர் யாழைக் கீழே வைத்தார். ஹம்மாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அமஸ்தன் கை ஓங்கவில்லை. "நான் தவறவில்லையா?" என்று மட்டும் கேட்டான். தெம்பா இல்லை என்று தலையசைத்தான்.

"அப்படியானால் என்னிடம் சொன்னது போதாது. என் அம்மாவிடம் வந்து சொல்லுங்கள்."

பாலையின் ஓரத்தில், ஆட்டுத்தோல் கூடாரத்தில் அந்தத் தாய் இருந்தாள். தெம்பா மணலில் மண்டியிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தன் ஆசையைச் சொன்னான்; தன் பொய்யைச் சொன்னான்; வாங்கிக்கொண்ட புகழையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, "அமஸ்தன்" என்று கூப்பிட்டாள். அவன் சின்னக் குழந்தை போல ஓடிப்போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தெம்பா மெல்ல எழுந்து திரும்பினான்.

"நில்" என்றாள் அவள். சுரைக் குடுவையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எங்கள் கூடாரத்துக்கு வந்தவரை நாங்கள் தாகத்தோடு அனுப்புவதில்லை. குடி."

அவன் குடித்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், குனிந்தபடியே குடித்தான்.

அமஸ்தன் மறுபடியும் தூதனாகப் போனான். அதன் பிறகு அவன் கொண்டுவந்த சேதி ஒருநாளும் பிந்தவில்லை. சபையில் தெம்பாவின் இடத்தை எடுத்துவிட்டார்கள். அவன் கடைசி வரிசையில் நின்று கேட்டான். ஆனால் அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கியது.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாம் செய்த குற்றத்தை நாமே ஒப்புக்கொள்ளாவிட்டால், அதன் வெட்கத்தை ஒரு பாவமும் அறியாத இன்னொருவர் சுமக்க வேண்டியதாகிவிடும்.